கெம்பம்மா எண்ணெய் வைக்கும் கல்

எங்கள் ஊர் மாதா கோவிலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு கல்தொட்டி இருக்கும். இடுப்பளவு உயரம், வாய் அகலம், அடி குறுகல். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அதில்தான். கோவிலின் நூற்றைம்பதாவது ஆண்டு விழா மலருக்காக அந்தத் தொட்டியின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி ஃபாதர் என்னைக் கேட்டார். நான் கிறிஸ்தவள் இல்லை. கோவில் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இப்போது மாலையில் அங்கே டியூஷன் எடுக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பி.ஏ. வரலாறு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. நானே என்னைக் கேட்டுக்கொள்வதும் உண்டு. அந்தப் படிப்பை நம்பி முதன்முதலாக ஒரு வேலை கொடுத்தவர் ஃபாதர். அதனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

எழுத உட்கார்ந்தால் தொட்டி ஓரமாக ஒதுங்கிக்கொண்டு கெம்பம்மா வந்து பக்கத்தை நிறைத்தார். ஆகவே இது கெம்பம்மாவைப் பற்றியது.

முதலில் நான் போனது ராயப்பாவிடம். அவர்தான் கோவில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, தொட்டியில் தண்ணீர் நிரப்புவது எல்லாம் அவர் வேலை. அவருக்கு முன்னால் அவர் அப்பா செய்தார்.

"எழுதிக்கோ பாப்பா. ஃபிரான்ஸ் தேசத்துல செதுக்குனது. கப்பல்ல மெட்ராஸ் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில இங்க வந்துச்சு. வெள்ளைக்காரச் சாமியார் வண்டிகூடவே நடந்து வந்தாரு."

"யாரு சொன்னாங்க பெரியப்பா?"

"எங்கப்பன் சொன்னாரு. அவருக்கு அவங்கப்பன்."

"அப்ப கெம்பம்மா சொல்றது?"

அவர் முகம் சுருங்கியது. "அந்தம்மா எதைத்தான் எங்களுதுன்னு சொல்லல? தொட்டி அவங்க வீட்டுச் செக்காம். விட்டா அந்த மணிகூட அவங்க வீட்டு அண்டாவை உருக்கி ஊத்துனதுன்னு சொல்லும்."

கோவில் மதிலுக்குப் பின்னால் இருக்கும் நிலம் கெம்பம்மாவுடையது. இந்துக் குடும்பம். வீட்டில் கன்னடம் பேசுவார்கள். 'காணத மனெ' என்று அந்த வீட்டுக்குப் பெயர். செக்குக்காரர் வீடு என்று அர்த்தம். ஆனால் அந்த வீட்டில் யாரும் செக்கு ஓட்டிப் பார்த்தவர்கள் இன்று உயிரோடு இல்லை. எல்லோரும் பயிர் வைக்கிறவர்கள்தான்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் கெம்பம்மா கோவிலுக்குள் வருவார். பெரிய வியாழனன்று தொட்டித் தண்ணீரை இறைத்துக் கல்லைக் காயவிடுவார்கள். சனி ராத்திரி ஈஸ்டர் பூசையில்தான் புதுத் தண்ணீரை மந்திரித்து நிரப்புவார்கள். அந்தச் சனிக்கிழமை காலையில் கெம்பம்மா ஒரு பாட்டிலில் உச்செள்ளு எண்ணெய் கொண்டுவருவார். மலையோரத்தில் ராகிக்கு நடுவே விளைகிற, எள் மாதிரி கறுப்பாக இருக்கும் விதையில் ஆட்டிய எண்ணெய் அது. அதைத் தொட்டியின் உள்ளும் விளிம்பும் தேய்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் பேசாமல் போய்விடுவார். அவர் மாமனாரும் அப்படித்தான் செய்தாராம். எந்தச் சாமியாரும் தடுத்ததில்லை.

"இந்த வருஷத்தோட அதெல்லாம் முடிஞ்சுது" என்றார் ராயப்பா. விழாவுக்காகத் தரை முழுக்க வெள்ளை மார்பிள் போடுகிறார்கள். மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி வேலைக்கு வந்து தங்கியிருக்கும் தென்மாவட்டத்துக் குடும்பங்கள் சேர்ந்து நன்கொடையாகக் கொடுத்தது. தொட்டியையும் கண்ணாடி மாதிரி பாலிஷ் போடப் போகிறார்கள். மார்பிளில் எண்ணெய் சொட்டினால் கறை போகாது என்பதால், இனி எண்ணெய் வேண்டாம் என்று ஃபாதர் ராயப்பாவிடம் தன்மையாகச் சொல்லியிருக்கிறார்.

"கெம்பம்மாகிட்டச் சொல்லியாச்சா?"

"சொல்லணும்" என்றார் ராயப்பா. ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் போனபோது கெம்பம்மா தக்காளி நாற்றுக்குப் பாத்தி கட்டி முடித்துவிட்டு, நடாமல் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர். ஆம்பளைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தார்.

"பா கண்ணு, வா. நல்ல நேரத்துக்கு வந்தே. இந்தா, இதை அந்த மூலையில வை" என்று ஒரு நாற்றை என் கையில் கொடுத்தார்.

"எனக்கு நடத் தெரியாதேங்க."

"குழியில வெச்சு மண்ணைத் தள்ளு. அதுக்கும் டிகிரி படிக்கணுமா?"

வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் மளமளவென்று நடத் தொடங்கினார். வரப்பில் உட்கார்ந்து செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்த அவர் மகள் காவேரி சிரித்தாள். அவளும் நானும் ஒரே வகுப்பு. பிளஸ் டூ முடித்ததும் அவள் செல்போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

"வாங்க வரலாறு மேடம். முதல் நாத்து நட வழியில போற ஆளைப் புடிக்கிறதுதான் எங்கம்மாவுக்கு வேலை. போன தடவை கூரியர்க்காரன் நட்டான்."

"சும்னெ இருடீ. என் கை ஆகாது. அவ்வளவுதான்."

"இவங்க வெச்சா மட்டும் காய்க்காதாம். கேட்டுக்கோ."

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். கெம்பம்மா நட்டுக்கொண்டே பேசினார். தளிப் பக்கத்து ஊரிலிருந்து பதினேழு வயதில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். அந்த வருஷமே மாமனார் அவரைக் கோவிலுக்குக் கூட்டிப் போய்க் கல்லைக் காட்டினாராம். பெரிய பஞ்சத்தில் வீட்டு மாடுகள் செத்துச் செக்கு நின்றுபோனது. சாமியார் கஞ்சித்தொட்டி வைத்து ஊரைக் காப்பாற்றினார். கைம்மாறு செய்யக் கையில் வேறு எதுவும் இல்லாததால் வீட்டுப் பெரியவர் செக்குக் கல்லைக் கொடுத்தார். சாமியார் அடிப்பாகத்தை வெட்டிச் சின்னதாக்கித் தொட்டியாக வைத்துக்கொண்டார். கொடுத்தவர் ஒன்று மட்டும் கேட்டாராம்: செக்குக் கல் காயக்கூடாது, வருஷத்துக்கு ஒருதரம் எங்கள் வீட்டு எண்ணெய் அதில் பட வேண்டும்.

"இதுக்கு ஏதாவது சான்று இருக்குதுங்களா?" என்று கேட்டேன். கல்லூரியில் மூன்று வருஷம் கேட்டுப் பழகிய கேள்வி.

"ஏன், நான் இருக்கேனே" என்றார்.

காவேரி விடவில்லை. "எனக்குத் தலைக்கு எண்ணெய் வெச்சுவிடும்மான்னா வேலை இருக்குதுங்கும். கல்லுக்குன்னா கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்துக்கும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்தில், "இந்த வருஷம் நீங்க சும்மா தூங்கலாம்" என்று சொல்லிவிட்டேன். மார்பிளும் பாலிஷும் அதற்குப் பிறகு வாயில் தானாக வந்தன. ராயப்பா சொல்ல வேண்டியதை நான் சொல்லும்படி ஆயிற்று.

கெம்பம்மா நாற்றுக்கட்டைக் கீழே வைத்தார்.

"வெக்கவே கூடாதாமா?"

"கறை படுமாம்."

"அது நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் கண்ணு. ஒரு வருஷம் நின்னுச்சு."

காவேரி செல்போனை அணைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குள் போனாள். இந்தக் கதையை அவள் நிறையத் தடவை கேட்டிருக்க வேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதத்தில் கெம்பம்மாவின் புருஷன் குருமூர்த்தி இறந்தார். பூ மூட்டையோடு மொபெட்டில் ஓசூர் மார்க்கெட்டுக்குப் போனவர் மேம்பாலத்து இறக்கத்தில் விழுந்தார். துக்கம் நடந்த வீட்டார் ஒரு வருஷம் எந்தக் கோவில் படியும் மிதிக்கக்கூடாது. அந்தப் பெரிய சனிக்கிழமை கெம்பம்மா போகவில்லை. கொழுந்தன்மாருக்கு அக்கறை இல்லை. வெளியாளிடம் கொடுத்துவிடலாம் என்று அப்போது தோன்றவும் இல்லை. அந்தக் கோடையில் போர் வறண்டது. கொழுந்தன்மார் தங்கள் பங்கை லேஅவுட்காரனுக்கு விற்றார்கள். வைத்த ரோஜா வேரோடு அழுகியது. காவேரி, "காலேஜ் வேணாம்மா, நான் வேலைக்குப் போறேன்" என்றாள்.

"எல்லாம் நான் நிறுத்துனதுல வந்தது. அதுக்கப்புறம் முதல் நாத்தை நான் தொடறதில்ல. மறுபடியும் நிறுத்தச் சொல்றீங்களா?"

இது மூடநம்பிக்கை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போதெல்லாம் அதே நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போகிற நான் எந்த வாயால் சொல்வது?

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஞானஸ்நானம் அபூர்வம் என்பதால் அடுத்த வாரமே தொட்டியைப் பெயர்த்து எடுத்தார்கள். பாலிஷ் போட ஒப்புக்கொண்டவர் எங்கள் அப்பா முனிராஜ். பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் யூனிட்டில் வேலை. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். என்னைப் படிக்க வைத்த பள்ளிக்கூடத்துக் கல் என்று அவருக்கு ஒரே பெருமை. ஓசூரில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் தொட்டியை வைக்கோல் சுற்றி ஏற்றினார்கள். ராயப்பா நடுரோடு வரை கூடவே நடந்து வந்து, "பார்த்துப்பா, ஃபிரான்ஸ் கல்லு" என்று டிரைவரிடம் சொன்னார்.

நாலாம் நாள் அப்பா போன் செய்தார்.

"கண்ணு, இந்தக் கல்லு எண்ணெய் விடுதும்மா. மெஷின் வெச்சா பாலிஷ் பேட் வழுக்குது. கறுப்பா கக்குது. ஃபாதர்கிட்டக் கேட்டுச் சொல்லு, என்ன பண்றதுன்னு."

ஃபாதருக்கு அன்று பிஷப் வீட்டில் கூட்டம். "ராயப்பாவைக் கூட்டிப் போய்ப் பாரும்மா" என்றார். கெம்பம்மாவிடம் வரச் சொல்லி நான் கேட்கவே இல்லை. எண்ணெய் விடுகிறது என்ற ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் எங்களுக்கு முன்னால் நின்றார்.

பஸ்ஸில் இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

"ராயப்பண்ணா, உங்க ஃபிரான்ஸ்ல கல்லுக்கு வேர்க்குமா?"

"உன் எண்ணெய் குடிச்சுக் குடிச்சு அதுக்கு அஜீரணம்."

கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போது ராயப்பா மூன்று பேருக்கும் டீ வாங்கினார். கெம்பம்மா சர்க்கரை போதாது என்று திருப்பிக் கொடுத்தார். சண்டை டீக்கடைக்காரரையும் உள்ளே இழுத்தது.

யூனிட்டில் வெட்டிய பலகைகள் சாய்த்து அடுக்கியிருந்தன. எங்கும் வெள்ளைச் சேறு. நடுவில் மரக்கட்டைகள் மேல் தொட்டி. அதன் ஒரு பக்கம் இருண்ட கண்ணாடி போல மின்னியது. மறுபக்கம் பழைய சொரசொரப்பு. அப்பா வெளிப்பக்கத்தில் பாதியை முடித்துவிட்டு விளிம்புக்கு வந்தபோதுதான் எண்ணெய் கிளம்பியிருக்கிறது.

"இது ஃபிரான்ஸ்ல இருந்து வந்துச்சுன்னு யாருங்க சொன்னது?" என்று அப்பா சிரித்தார். "நம்ம மலைக் கல்லுங்க. நாங்கதான் இதைக் கப்பல்ல அந்தப் பக்கம் அனுப்பிட்டிருக்கோம்."

ராயப்பா காது கேட்காதவர்போல மேற்கூரையைப் பார்த்தார்.

அப்பா கைமெஷினை விளிம்பில் ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டினார். கல் சூடேறியது. துளித்துளியாகக் கறுப்பாக ஒன்று கசிந்தது. குனிந்து முகர்ந்தேன். கெம்பம்மா வீட்டுக்குள் வரும் அதே கனத்த மணம். இதோ சான்று! இது செக்கேதான்! கட்டுரையின் முதல் வரிகூட மனசில் ஓடிவிட்டது.

"செக்குதான் பெரியப்பா, பாருங்க. நூறு வருஷத்து எண்ணெய்!"

"எது நூறு வருஷம்? வருஷா வருஷம் இந்தம்மா தேய்ச்சது எங்க போகும்? அதுதான் வெளிய வருது."

செக்காக இருந்தபோது குடித்த எண்ணெயா, செக்கு என்று நம்பித் தேய்த்த எண்ணெயா? பார்த்துச் சொல்ல முடியாது. முதல் வரி வந்த வழியே போய்விட்டது. எந்தப் பதிலைத் தேடி வந்தேன் என்றே ஒரு கணம் குழம்பினேன். தெரிந்துகொள்ள வந்தேனா, கெம்பம்மாவை ஜெயிக்க வைக்க வந்தேனா?

கெம்பம்மாவுக்கு எங்கள் வாதம் எதுவும் பொருட்டில்லை. கசிந்த எண்ணெயை ஒரு விரலால் தொட்டார். விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தார். "காயல" என்றார். பிறகு, "அந்த ஒரு வருஷம் மட்டும் காஞ்சிருக்கும். பாவம்" என்றார். குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

"எந்த வருஷம்?" என்றார் ராயப்பா.

"அவரு போன வருஷம். நான் வரல இல்ல, அப்ப. அந்த வருஷம் எண்ணெய் நின்னு, அதுக்கப்புறம் எங்க வீட்டுல என்னென்ன நின்னுச்சுன்னு ஊருக்கே தெரியுமே."

ராயப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒருமுறை துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நிக்கல கெம்பம்மா."

"என்ன?"

"அந்த வருஷம் நிக்கல. நான் வெச்சேன்."

கெம்பம்மா அவரையே பார்த்தார். மெஷினை அப்பா கீழே வைத்துவிட்டார்.

"மத்தியானம் வரைக்கும் நீ வருவே வருவேன்னு பார்த்தேன். வரல. துக்க வீடுன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. ராத்திரி ஆனா ஃபாதர் தண்ணி மந்திரிக்க வந்துருவாரு. கல்லு வெளுத்துக் கெடந்துச்சு. மனசு கேக்கல. வீட்டுக்குப் போய் எண்ணெய் கொண்டாந்து தேய்ச்சேன்."

"உங்க வீட்டுல ஏது உச்செள்ளு எண்ணெய்?"

ராயப்பா துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார்.

"என்ன எண்ணெய் வெச்சீங்க, சொல்லுங்க."

"பொண்டாட்டி தலைக்கு வெக்கிற தேங்காயெண்ணெய்."

"தேங்காயெண்ணெயா! செக்குக்குத் தேங்காயெண்ணெய் வெக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்!"

"இதுக்குத்தான் எட்டு வருஷமா வாயைத் திறக்கல" என்றார் ராயப்பா.

முதலில் சிரித்தது அப்பா. பிறகு நான். கெம்பம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தொட்டிமேல் சாய்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவர் நிமிரும்வரை தெரியவில்லை. நிமிர்ந்தபோது இரண்டும் இருந்தது.

"ஃபிரான்ஸ் கல்லுன்னுதானே சொல்றீங்க, அதுக்கு எதுக்கு எண்ணெய் வெச்சீங்க?" என்று நான் ராயப்பாவைக் கேட்டேன்.

"எந்த ஊர்க் கல்லா இருந்தா என்ன பாப்பா? இங்க வந்தப்புறம் வழக்கம்னு ஒண்ணு ஆயிருச்சே" என்றார்.

முழுவதும் பாலிஷ் ஏற வேண்டுமானால் கேஸ் நெருப்பு காட்டிக் கல்லில் உள்ள எண்ணெய் மொத்தத்தையும் எரித்து எடுக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். வேண்டாம் என்று சொல்லத் தனக்கு உரிமை இருப்பதாகக் கெம்பம்மா நினைக்கவில்லை. ராயப்பாதான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஃபாதர், ராயப்பா. கல்லு பாலிஷ் ஏத்துக்கலைங்க. ஒரு பக்கம் ஆயிருச்சு, ஒரு பக்கம் இப்படியே இருக்கட்டும். ஆமாங்க, எண்ணெய்தான். அது நிக்க வேணாம் ஃபாதர். தரையில சொட்டுனா நான் துடைக்கிறேன். துடைக்கிறதுக்குத்தானே நான் இருக்கேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனைக் கெம்பம்மாவிடம் நீட்டினார். "உன்கிட்டப் பேசணுமாம்."

கெம்பம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சரிங்க சாமி... சரிங்க சாமி... வர்றேங்க" என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

தொட்டிக்கு அடியில் போட, ஓரம் கொஞ்சம் தூக்கலாக ஒரு கறுப்புக் கல் பலகையை அப்பா வெட்டிக் கொடுத்தார். எண்ணெய் அதற்குள்ளேயே நின்றுகொள்ளும்.

திரும்பும் பஸ்ஸில் சூளகிரி தாண்டியதும் கெம்பம்மா என் பக்கம் திரும்பினார்.

"அப்ப போர் ஏன் கண்ணு வறண்டுச்சு?"

"அந்த வருஷம் உங்க வரிசையில எல்லார் போரும் வறண்டுச்சே. எங்க தெருவுக்கே தண்ணி லாரிதானே வந்துச்சு."

"ஆமா, வந்துச்சு." யோசித்தார். "ரோஜாகூட அந்த நாத்துக்காரன்கிட்ட வாங்குன எல்லாருக்கும் அழுகிப்போச்சு." ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

பெரிய சனிக்கிழமை காலையில் நான் கோவிலில் இருந்தேன். புது மார்பிள் தரையில் செருப்பில்லாத கால் சில்லென்றது. கெம்பம்மா பாட்டிலோடு வந்தார். முதல் தடவையாகக் காவேரியும் கூட வந்தாள்; ராத்திரி ஷிஃப்ட் முடித்து, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு. "தூக்கம் வருதும்மா, சீக்கிரம்" என்று தூணில் சாய்ந்துகொண்டாள்.

கெம்பம்மா சொரசொரப்பான பக்கத்தில் எண்ணெயைத் தேய்த்தார், கல் குடித்தது. மின்னும் பக்கத்திலும் தேய்த்தார். அங்கே நிற்காமல் வழிந்தது. அதில் தெரிந்த தன் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, நெற்றியில் பொட்டைச் சரிசெய்துகொண்டார். ராயப்பா துண்டோடு பின்னால் நின்று, பலகைக்கு வெளியே ஒரு சொட்டும் விழவில்லை என்று தெரிந்தும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டியா கண்ணு?" என்று கெம்பம்மா என்னைக் கேட்டார்.

"எழுதிட்டேங்க. செக்குன்னு நீங்க சொல்றதையும் ஃபிரான்ஸ்னு பெரியப்பா சொல்றதையும் எழுதியிருக்கேன். எது நிஜம்னு எனக்குத் தெரியலைன்னும் எழுதியிருக்கேன். எண்ணெய் ஒரு வருஷமும் நிக்கலங்கிறதை மட்டும் உறுதியா எழுதியிருக்கேன்."

"தேங்காயெண்ணெய்னு எழுதிறாதே" என்றார் ராயப்பா.

"எழுது, எழுது" என்றார் கெம்பம்மா.

அவர்களோடு நானும் பின்மதில் வழியாக நிலத்துக்குப் போனேன். சாமந்தி நடப் பாத்தி தயாராக இருந்தது. ஈரச்சாக்கில் நாற்றுக்கட்டு. போன தடவை நட்ட நினைப்பில் நான் கையை நீட்டினேன். காவேரிகூட, "வரலாறு, வா, உன் கைராசியைக் காட்டு" என்றாள்.

கெம்பம்மா என் கையைத் தாண்டிப் போய்க் கட்டைப் பிரித்தார். ஒரு நாற்றை உருவினார். விரலெல்லாம் எண்ணெய் மினுமினுக்க, மூலைக் குழியில் அதை வைத்து, மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினார்.

"என்னடீ பார்க்கிறே?" என்றார் காவேரியிடம். "தண்ணியைத் திருப்பு."